‘இந்தியன் ரெஸ்டாரன்ட்’னு தேடாதீங்க, அடுப்புகிட்ட யாரு நிக்கிறாங்கன்னு தேடுங்க

வெளிநாடு போற பசங்க, புதுசா டெல்லி, புனேன்னு வேல கெடச்சுப் போற பசங்க எல்லாரும் என்கிட்ட கேக்குற மொத கேள்வி, "அண்ணே, அங்க நல்ல சாப்பாடு எங்க கெடைக்கும்?" கடை பேர மட்டும் சொல்லி விட்டா ரொம்ப நாளைக்கு உதவாது, ஆறு மாசத்துல மாஸ்டர் மாறிருவாரு, இல்ல கடையே கைமாறிரும். அதனால எந்த ஊருக்குப் போனாலும் நான் எப்படித் தேடுறேன்னு மொத்தமா எழுதிடுறேன், கடை பேர் அங்கங்க வரும், ஆனா வழிதான் முக்கியம்.

அடிப்படை என்னன்னா, இந்தியச் சாப்பாடுன்னு ஒரு சாப்பாடு கெடையாது. மதுரக்காரங்க அடுப்புல கொதிக்கிறதும் லூதியானாக்காரங்க அடுப்புல கொதிக்கிறதும் வேற வேற. ஆனா வெளிநாட்டுல போர்டுல ‘இந்தியன்’னு ஒத்த வார்த்ததான் எழுதிருப்பாங்க, நாம அத நம்பி உள்ள போயி மசால் தோசை கேப்போம், அந்த மாஸ்டர் பொறந்ததுலேர்ந்து தோசக்கல்லப் பாத்திருக்க மாட்டாரு, என்ன வரும்? கடைக்குள்ள போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், சமைக்கிறவங்க எந்த ஊர்க்காரங்க. அது தெரிஞ்சுருச்சுன்னா என்ன ஆர்டர் பண்ணணும்னு தானா தெரிஞ்சிரும்.

இது எனக்கு எப்படிப் புரிஞ்சதுன்னா, நான் ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்குப் போன மொத குளிர்காலம், மூணு வாரமா ரொட்டியும் சீஸும் தின்னு நாக்கு செத்துப் போயி, ஒரு ஞாயித்துக்கெழம பெரிய இந்தியன் ரெஸ்டாரன்ட்டா பாத்துப் போனேன். மெனு கார்டு டெலிபோன் டைரக்டரி மாதிரி இருந்துச்சு. சாம்பார் வடைன்னு போட்டிருந்துச்சு, ஆசையா கேட்டேன். வந்தது தக்காளி சூப், மேல வெள்ளையா கிரீம்ல கோலம், வாயில வச்சா இனிக்குது. வடை உள்ள ஐஸா இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, உண்மையாவே. சப்ளை பண்ணவரு ஒரு பஞ்சாபிக்காரரு, வயசானவரு, தட்ட எடுக்க வந்தப்ப நான் தொடவே இல்லங்கறத பாத்துட்டாரு. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில, "பாயி சாப், நீங்க ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டேன். ஒரு நிமிஷம் என்னப் பாத்தாரு, உள்ள போனாரு, எவர்சில்வர் கிண்ணத்துல ராஜ்மாவும் சூடா சோறும் கொண்டு வந்து வச்சாரு, ஓரத்துல ஒரு வெங்காயம் கையாலயே குத்தி ஒடச்சு வச்சிருந்தாரு, ஒரு பச்ச மொளகா. ராஜ்மா அப்படியே வெண்ணெ மாதிரி மசியுது, ஆனா தோல் பிரியல, இஞ்சி வாசம் மூக்குல ஏறுது. அந்த ராஜ்மாவும் அந்த சாம்பாரும் ஒரே சமையக்கட்டுலேர்ந்துதான் வந்துச்சு. தெரியாதத கேட்டா தெரியாத மாதிரிதான் வரும், அவங்க வீட்டுச் சாப்பாட்ட கேட்டா அப்படித்தான் வரும்.

அதுலேர்ந்து நான் எங்க போனாலும் இதத்தான் பண்றேன். மெனு கார்ட ஓரமா வச்சிட்டு, "நீங்க எந்த ஊரு?"ன்னு ஆரம்பிப்பேன். கூட்டம் இல்லாத நேரத்துல கேக்கணும், ராத்திரி எட்டு மணிக்கு கடை ரொம்பி வழியுறப்ப கேட்டா யாரும் நின்னு பதில் சொல்ல மாட்டாங்க. மத்தியானம் ரெண்டரைக்கு மேல போங்க, அப்ப ஸ்டாஃப் சாப்பாடு ரெடியாகிட்டு இருக்கும்.

இங்கிலாந்த எடுத்துக்கோங்க. அங்க ‘இந்தியன்’னு போர்டு போட்ட பழைய கறி ஹவுஸ்ல முக்காவாசி பங்களாதேஷ்காரங்க நடத்துறது, அதுலயும் பெரும்பாலும் சில்ஹெட் பக்கத்து ஆளுங்க. லண்டன் பிரிக் லேன் முழுக்க அவங்கதான். மெனுல கோர்மா, மெட்ராஸ், விண்டாலுன்னு இருக்கும், அது ஊர் பேரு இல்ல, காரத்தோட அளவு. கோர்மான்னா காரமே இல்ல, மெட்ராஸ்னா காரம், விண்டாலுன்னா அதுக்கும் மேல. பெரும்பாலும் ஒரே வெங்காய கிரேவிய அண்டாவுல போட்டு வச்சு, கேக்குற பேருக்குத் தகுந்த மாதிரி பொடிய மாத்தி மாத்திப் போடுவாங்க. மெட்ராஸ்னு பேரப் பாத்துட்டு நம்மூர் கொழம்புன்னு நெனச்சு வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க. ஆனா அதே கடையில மீன் கொழம்பு இருக்கா, பர்தா இருக்கான்னு கேளுங்க. பர்தான்னா கத்திரிக்காயோ உருளக்கெழங்கோ கருவாடோ சுட்டோ வேக வச்சோ, கடுகெண்ணெயும் பச்ச மொளகாயும் வெங்காயமும் போட்டுப் பெசையுறது. சாத்கொரான்னு ஒரு எலுமிச்ச சாதிக் காய் இருக்கு, சில்ஹெட்காரங்க அத தோலோட கறிக் கொழம்புல போடுவாங்க, கசப்பும் புளிப்பும் வாசமுமா ஒரு கறி, அத ஒருதடவ சாப்பிட்டவங்க டிக்கா மசாலா பக்கம் திரும்ப மாட்டாங்க. கேட்டாத்தான் கெடைக்கும், சில கடையில முன்னாடியே போன்ல சொல்லணும்.

நம்ம சாப்பாடே வேணும்னா லண்டன்ல ஏரியாவ மாத்தணும், அவ்வளவுதான். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்துல நடந்தா தமிழ் போர்டா இருக்கும், காலைல பொங்கல் வடை கெடைக்கும். டூட்டிங் பக்கம் ஈழத்துக் கடையும் கேரளாக் கடையும். சவுத்தாலுக்கு பஞ்சாபி சாப்பாட்டுக்குப் போங்க, வெம்ப்ளி ஈலிங் ரோட்டுக்கு குஜராத்தி சாப்பாட்டுக்குப் போங்க. சவுத்தால்ல போயி இட்லி தேடக்கூடாது, அங்க சர்சோன் கா சாக், அதான் அவங்க கடுகுக்கீர மசியல், தேடணும்.

ஜப்பான்ல இன்னொரு கத. அங்க தெருவுக்கு ஒரு இந்தியன் கடை இருக்கும், தட்ட விட்டு வெளிய தொங்குற அளவுக்கு பெரிய நான் தருவாங்க, நடத்துறது பெரும்பாலும் நேபாளிங்க. அவங்ககிட்ட தால் பாத் கேளுங்க, அதான் அவங்க வீட்டுப் பருப்பும் சோறும், மோமோ கேளுங்க. சில கடையில தால் பாத்துக்குன்னு தனி மெனுவே இருக்கும், அது உள்பக்கமா செவுத்துல ஒட்டிருக்கும். நம்மாளுங்க ஐடி வேலைக்குப் போயி அதிகமா தங்கியிருக்கிறது டோக்கியோவுல நிஷி கசாய் ஏரியா, மளிகையும் அங்கதான். இன்னொரு ஆச்சரியம், ஜப்பான்காரங்களே நம்ம சாப்பாட்டு மேல பைத்தியமாகி, நம்மூருக்கு வந்து கத்துக்கிட்டுப் போயி ‘மீல்ஸ்’ கடை போட்டிருக்காங்க, ரசம், பொரியல், அப்பளம்னு அவ்வளவு அக்கறையா வைக்கிறாங்க, கண்டிப்பா போங்க.

ஐரோப்பாவுல, கனடாவுல தமிழ்ச் சாப்பாடுன்னா பெரும்பாலும் அது ஈழத்துச் சாப்பாடு. இத மொதல்ல ஏத்துக்கணும். நம்மூர்லேர்ந்து போறவங்க பண்ற பெரிய தப்பு, ஈழத்துக் கடையில போயி மசால் தோசை கேட்டுட்டு "நம்ம ஊர் மாதிரி இல்ல"ன்னு மொகம் சுளிக்கிறது. அவங்க இடியாப்பமும், சொதிங்கிற தேங்காப்பால் கொழம்பும், சம்பலும் சாப்பிட்டுப் பாத்தீங்களா? புட்டும் மீன் கொழம்பும்? கொத்து ரொட்டிய ரெண்டு தகட்ட வச்சு தாளம் போட்டு கொத்துற சத்தம் ரோட்டுல கேக்கும், அத கேட்டுட்டே உள்ள போங்க. பாரிஸ்ல கார் து நார் ஸ்டேஷன்லேர்ந்து லா ஷப்பேல் பக்கம் நடந்தா போதும், தமிழ்ல போர்டு வர ஆரம்பிச்சிரும், ரோல்ஸ், வடை, கொத்து எல்லாம் அங்கதான். டொரண்டோவுக்குப் போனா ஸ்கார்பரோ, அங்க உக்காந்து சாப்பிடுற ஹோட்டல விட டேக்அவுட் கடைங்கதான் கெத்து, இடியாப்பத்த எண்ணி வாங்கிட்டு சம்பல் சொதியோட வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுதான் அங்க வழக்கம்.

எனக்கு ஜெர்மனில ரெண்டாவது கதவத் தொறந்து விட்டது ஒரு ஈழத்து அக்கா மளிகைக் கடை. ஸ்டேஷனுக்குப் பின்னாடி சின்னதா, வாசல்ல அரிசி மூட்ட அடுக்கி வச்சிருப்பாங்க. நான் கறிவேப்பில வாங்கப் போனேன், அது வியாழக்கெழமதான் வரும்னாங்க. அப்புறம் என் மொகத்தப் பாத்துட்டு, "தம்பி சாப்பிட்டிட்டீங்களோ?"ன்னு கேட்டாங்க. பில்லு போடுற மேசைக்குப் பின்னால ஃபாயில்ல சுத்தின பார்சலுங்க இருந்துச்சு, வெள்ளிக்கெழம மட்டும் வீட்டுல சமைச்சுக் கொண்டு வருவாங்களாம், தெரிஞ்சவங்க மட்டும் சொல்லி வச்சு வாங்குவாங்களாம், போர்டுலயோ மேப்புலயோ எங்கயும் இல்ல. "உறைப்பு காணாட்டி சொல்லுங்கோ"ன்னு கையில குடுத்தாங்க. ட்ராம்ல ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்டாப்புல நின்னபடியே பிரிச்சிட்டேன், சிவப்பரிசி புட்டு, கத்திரிக்காய் பால் கறி, வெங்காயச் சம்பல். கை வெரலெல்லாம் குளிர்ல வெறச்சுப் போயிருந்துச்சு, புட்டோட சூடு பட்டதும்தான் உணர்வே வந்துச்சு. அதுக்கப்புறம் நான் அந்த ஊர்ல இருந்த வரைக்கும் எந்த வெள்ளிக்கெழமையும் விடல.

அதனால எந்த வெளிநாட்டு ஊருக்குப் போனாலும் ஹோட்டல தேடாதீங்க, மொதல்ல மளிகைக் கடைய தேடுங்க. அங்க என்ன கெடைக்குதுன்னு பாத்தாலே அந்த ஊர்ல நம்மாளு யாரு இருக்காங்கன்னு தெரிஞ்சிரும். மட்ட அரிசியும் கப்பக் கெழங்கும் இருந்தா மலையாளிங்க, கோங்குரா ஊறுகா வரிசையா இருந்தா தெலுங்குக்காரங்க, ஒடியல் மாவு, அதான் காய வச்ச பனங்கெழங்கு மாவு, இருந்தா யாழ்ப்பாணத்து ஆளுங்க. கறிவேப்பில, முருங்கக்காய், வெண்டக்காய் எந்தக் கெழம வந்து எறங்குதோ அன்னிக்கு சாயங்காலம் போங்க, ஊர்ல இருக்குற அத்தன பேரும் அங்கதான் இருப்பாங்க, கேட்டா யார் வீட்டுல இட்லி மாவு விக்குறாங்க, யாரு வாரக்கடைசில பிரியாணி போடுறாங்கன்னு சொல்லிருவாங்க, வாட்ஸ்அப் குரூப்புலயும் சேத்து விட்ருவாங்க. நல்ல சாப்பாடு நெறைய இடத்துல இப்படித்தான் ஓடுது. துபாய்ல கராமா பக்கம் இருக்கவங்களுக்குத் தெரியும், மாசக் கணக்குல காசு கட்டி சாப்பிடுற மெஸ்ஸுங்க இருக்கும், பெரிய ஏசி ரெஸ்டாரன்ட்ட விட அந்தச் சோறு எவ்வளவோ மேல்.

அடுத்தது கோயில். நியூயார்க் ஃப்ளஷிங்ல பௌன் ஸ்ட்ரீட் பிள்ளையார் கோயில், 1977ல கும்பாபிஷேகம் ஆனது, கீழ்த்தளத்துல கேன்டீன் இருக்கு, தோசைக்காகவே சாமி கும்பிடாதவங்க கூட வர்றாங்க. ஜெர்மனில ஹாம் ஊர் காமாட்சி அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்குல சனம் வரும், ரோட்டோரமா கடைங்க போடுவாங்க, அன்னிக்கு ஒரு நாள் போனா வருஷம் பூரா நெனச்சுக்கலாம். லண்டன் நீஸ்டன் சுவாமிநாராயண் கோயில் எதுத்தாப்ல இருக்க சாப்பாட்டுக் கடையில வெங்காயம் பூண்டே கெடையாது, அந்த மாதிரி சாப்பிடுறவங்க மனசுல வச்சுக்கோங்க. எதுவுமே இல்லாத ஊர்னா குருத்வாரா இருக்கான்னு பாருங்க, உலகத்துல எங்க குருத்வாரா இருந்தாலும் லங்கர்ங்கிற பொதுப் பந்தி இருக்கும், காசு கெடையாது, எந்த மதம்னு கேக்க மாட்டாங்க. செருப்ப கழட்டணும், தலைய துணியால மூடணும், தரையில வரிசையா உக்காரணும், ரொட்டிய ரெண்டு கையையும் நீட்டி வாங்கணும், வாங்கினத வீணாக்கக் கூடாது. முடிஞ்சா ஒரு மணி நேரம் உள்ள நின்னு தட்டு கழுவிக் குடுத்துட்டு வாங்க.

சிங்கப்பூர் மலேசியாவுக்கு நான் ரொம்ப சொல்ல வேண்டியதில்ல, அங்க நம்ம சாப்பாடு தலைமுறை தலைமுறையா இருக்கு. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு கோமள விலாஸ் 1947லேர்ந்து ஓடுது, தேக்கா சென்டர் கீழ்த்தளத்துல காலைல போங்க, ரேஸ் கோர்ஸ் ரோட்டுல மீன் தலைக் கறி சாப்பிடுங்க. அந்தக் கறி ஊர்ல இருந்து வந்தது இல்ல, சீனர்கள் மீன் தலைய விரும்பிச் சாப்பிடுறத பாத்து அங்க கடை வச்சிருந்த ஒரு மலையாளி நம்ம கொழம்புல போட்டது. பினாங்குல நாசி கண்டார், நம்ம தமிழ் முஸ்லிம்கள் தோள்ல காவடி மாதிரி கம்பு போட்டு ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம் கொழம்புன்னு தூக்கிட்டுப் போயி வித்ததுலேர்ந்து வந்த பேரு. அங்க எல்லாக் கொழம்பையும் கலந்து ஊத்தச் சொல்ல ‘பஞ்சிர்’னு ஒரு வார்த்த இருக்கு, வெள்ளம்னு அர்த்தம், அப்படியே சொல்லுங்க.

கூகுள் ரிவ்யூ பாக்குறதுல ஒரு பக்குவம் வேணும். ஸ்டார பாக்காதீங்க, அஞ்சு ஸ்டார் பாதி "சூப்பர் ஆம்பியன்ஸ்"னு இருக்கும். போட்டோவ பாருங்க, அதுவும் கடைக்காரங்க போட்டது இல்ல, சாப்பிட்டவங்க போட்டது. தோசை ஓரம் எந்த நெறத்துல இருக்கு, சட்னி மேல தண்ணி பிரிஞ்சு நிக்குதா, கொழம்புல எண்ணெ தெளிஞ்சிருக்கா, எல்லாக் கிண்ணத்துலயும் ஒரே ஆரஞ்சு கலரா இருக்கான்னு பாருங்க. எல்லாம் ஒரே கலர்னா ஒரே கிரேவி. வெள்ளக்காரங்க "ரொம்ப காரம், இடம் ரொம்ப சத்தம், ஸ்பூன் கேட்டாத்தான் குடுத்தாங்க"ன்னு ரெண்டு ஸ்டார் போட்ருந்தா எனக்கு அது நல்ல சகுனம். தமிழ்லயோ தெலுங்குலயோ யாராவது எழுதிருந்தா அத மட்டும் முழுசா படிங்க. புதுசு மேல வர்ற மாதிரி மாத்தி வச்சுப் பாருங்க, போன ரெண்டு மாசத்துல "முன்ன மாதிரி இல்ல"ன்னு மூணு பேர் எழுதிருந்தா மாஸ்டர் போயிட்டாருன்னு அர்த்தம்.

காரம் விஷயத்துல வெளிநாட்டுல வெளிப்படையா சொல்லிடணும். ஜெர்மனில "ஷார்ஃப்"னா காரம், ஆனா அவங்க ஷார்ஃப் நமக்கு ஒறைக்கவே ஒறைக்காது, "இண்டிஷ் ஷார்ஃப்"னு சொன்னாத்தான் உள்ள போயி ஒழுங்கா போடுவாங்க. கடையில உப்பும் காரமும் எங்கயும் அந்த ஊர் ஆளுங்களுக்கு ஏத்த மாதிரிதான் கொறச்சு வைப்பாங்க, அது அவங்க பொழப்பு, கோவப்படாம கேட்டு வாங்குங்க.

இனி நம்ம நாட்டுக்குள்ள. இங்கயும் அதே சட்டம்தான். எந்த ஊருக்குப் போறோமோ அந்த ஊர் அடுப்பத் தேடணும். விருதுநகர் போயிட்டு பட்டர் நான் பன்னீர் பட்டர் மசாலா சாப்பிடுறது பாவம், அங்க எண்ணெப் பரோட்டா இருக்கு. கும்பகோணத்துல இட்லிக்கு கடப்பா கேளுங்க, பாசிப்பருப்பும் உருளக்கெழங்கும் போட்டு சோம்பு வாசத்தோட இருக்கும், தஞ்சாவூர் பக்கம் தாண்டினா அந்தப் பேர சொன்னாலே தரைக்குப் போடுற கடப்பா கல்லுன்னு நெனச்சுக்குவாங்க. ஆம்பூர் பிரியாணிக்கு கத்திரிக்காய் தொக்கு இல்லாம எந்திரிக்காதீங்க. திண்டுக்கல்ல சீரகச் சம்பா, எங்க மதுரையில கறி தோசை. சென்னையில வடக்கத்தி சாட் வேணும்னா மால் ஃபுட்கோர்ட் வேண்டாம், சௌகார்பேட்ட மின்ட் ஸ்ட்ரீட் போங்க. பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த நம்ம சனங்க பர்மா பஜார் எதுத்தாப்ல தள்ளுவண்டியில அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் போடுறாங்க, அதுவும் அடுப்பு மாறாம வந்த சாப்பாடுதான்.

நேரம் இங்க ரொம்ப முக்கியம். பிரியாணி தம் ஒடைக்கிற நேரம் கேட்டு வச்சுக்கோங்க, பதினொன்னரை பன்னெண்டுக்கு மொத அண்டா தொறக்குறப்ப இருக்குற பிரியாணியும் மூணு மணிக்கு அடில ஒட்டியிருக்குற பிரியாணியும் ஒண்ணு இல்ல. மீல்ஸுக்கு ஒரு மணிக்குள்ள எலையில உக்காந்துரணும், பொரியல் மாறிரும், ரசம் தண்ணியாயிரும். பரோட்டாவுக்கு அவசரப்படாதீங்க, சால்னா கொதிச்சு எறங்க எறங்கத்தான் ருசி, ஏழரை எட்டுக்கு மேல போங்க. ஒரு ஓட்டல சோதிக்கணும்னா எனக்கு ரசம்தான் அளவுகோல், ஒரு டம்ளர்ல தனியா வாங்கிக் குடிச்சுப் பாருங்க, ரசத்துல கை சுத்தமா இருக்குற மாஸ்டர் மத்ததுலயும் ஏமாத்த மாட்டாரு.

தெரியாத ஊர்ல நான் பாக்குற இன்னொரு அடையாளம் தூக்குவாளி. கடை வாசல்ல அந்தத் தெரு பொம்பளைங்க தூக்கோட நின்னு சாம்பாரோ கறிக் கொழம்போ மட்டும் வாங்கிட்டுப் போனாங்கன்னா யோசிக்காம உள்ள போங்க, வீட்டுல சமைக்கத் தெரிஞ்சவங்க காசு குடுத்து வாங்குற கொழம்பு அது. லாரி நிக்குற கடையெல்லாம் நல்ல கடைன்னு சொல்லுவாங்க, நான் அத முழுசா நம்ப மாட்டேன், லாரிக்கு மொதல்ல தேவ நிறுத்துறதுக்கு எடம். பஸ் நிக்குற மோட்டல்ல டீ, பாக்கெட் பிஸ்கட்டோட நிறுத்திக்கோங்க, டிரைவர் கண்டக்டருக்கு அங்க சாப்பாடு இலவசம், அதுக்காக நிக்குறதுதான், ருசிக்கு இல்ல.

வடக்கப் போறவங்களுக்கு, டெல்லில ஒவ்வொரு மாநில அரசும் வச்சிருக்க விருந்தினர் மாளிகை, அதான் மாநில பவன், அங்க இருக்க கேன்டீன்தான் பெரிய வரம். ஆந்திரா பவன் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கி வரிசையில நிக்கணும், பருப்புப் பொடி நெய்யோட அளவில்லாம வருது, ஞாயித்துக்கெழம பிரியாணி. எல்லா பவனும் வெளியாளுங்கள விடாது, கேட்டுட்டுப் போங்க. மும்பையில நம்ம டிபன் தேடினா மாட்டுங்கா, அங்க ராமா நாயக்கோட உடுப்பி 1942லேர்ந்து எலபோட்டு சாப்பாடு போடுது. அதே மும்பையில மீன் வேணும்னா மால்வணி கானாவள், அதான் கொங்கண் கடலோரச் சாப்பாடு போடுற மெஸ், தேடுங்க. கல்கத்தாவுல பைஸ் ஹோட்டல்னு பழைய கடைங்க இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் காசு, எலைக்குக் கூட தனி, மெனு தெனமும் கரும்பலகையில எழுதுவாங்க, மத்தியானம் ரெண்டுக்கு மேல மீன் தீந்துரும்.

பிடிச்ச கடை ஒண்ணு திடீர்னு ருசி மாறிருச்சுன்னா அத விட்டுட்டு வராதீங்க, மாஸ்டர் எங்க போனாருன்னு கேளுங்க. மதுரையில நான் பத்து வருஷமா சாப்பிட்ட பரோட்டாக் கடையில ஒரு நாள் பரோட்டா அட்டையா வந்துச்சு, அவரு வேற ஏரியாவுல சொந்தமா கல்லு போட்டுட்டாரு. கல்லாவுல இருக்கவரு சொல்ல மாட்டாரு, சப்ளையர் தம்பிகிட்ட மெதுவா கேட்டா சொல்லுவாரு, அவரும் தயங்கினா வெளிய வந்து பக்கத்து பெட்டிக் கடையில ஒரு வெத்தல பாக்கு வாங்கிட்டு கேளுங்க, தெரு பேரோட சொல்லுவாங்க.